மழையில் பயிர் போனால் நிவாரணம் வாங்குவது எப்படி? புதிதாக வயலில் இறங்கியவர்களுக்கு

எங்கள் பக்கத்து வயலுக்கு ஒரு தம்பி புதிதாக வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அப்பா விட்டுப்போன ஒன்பது மா நிலத்தில், அதாவது மூன்று ஏக்கரில், சம்பா நட்டார். 2023 பிப்ரவரி முதல் வாரம், கதிர் பழுத்து மெஷினுக்குச் சொல்லிவைத்திருந்த நேரத்தில், பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டது. பயிர் அப்படியே படுத்துவிட்டது. டிவியில் நிவாரணம் அறிவித்ததும் ஓடி வந்து கேட்டார்: "அண்ணே, இதுக்கு எங்க அப்ளை பண்ணணும்?"

அப்ளை பண்ணும் இடம் என்று ஒன்று கிடையாது. இந்த விஷயத்தில் புதியவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அதிகாரிகள் வயலுக்கு வந்து பார்த்து, சர்வே எண் வாரியாகப் பட்டியல் எடுப்பார்கள். பட்டியல் தாலுக்கா, மாவட்டம், சென்னை என்று மேலே போய் அரசாணை ஆகும். அப்புறம் பணம் நேராக வங்கிக் கணக்கில் விழும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர், சரியான பரப்போடும் சரியான கணக்கு எண்ணோடும் ஏற வேண்டும். உங்கள் வேலை அவ்வளவுதான். ஆனால் அதில் பாதிக்கு மேல் மழைக்கு முன்பே செய்ய வேண்டியது.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரன், அதனால் டெல்டா நெல்லை வைத்தே எழுதுகிறேன். மற்ற மாவட்டங்களிலும் நடைமுறை பெரும்பாலும் இதேதான்.

எவ்வளவு வரும்?

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதை யாரும் படிக்கமாட்டார்கள்.

பணம் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்த நிதியில் 75 சதவீதம் ஒன்றிய அரசு போடுவது, 25 சதவீதம் மாநில அரசு போடுவது. எதற்கு எவ்வளவு என்பதற்கு ஒன்றிய அரசின் விதி இருக்கிறது. 2022-ல் திருத்திய விதிப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, தென்னை, மாமரம் மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான். பயிர் 33 சதவீதத்துக்கு மேல் சேதமாகியிருக்க வேண்டும். 2015-க்கு முன்னால் இது 50 சதவீதமாக இருந்தது.

ஹெக்டேர் கணக்கு நம்மூரில் யாருக்கும் ஓடாது. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ஏக்கருக்கு மூன்று மா. அப்படியென்றால் 17,000 என்பது ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாய், மாவுக்கு 2,300-க்குக் கொஞ்சம் குறைவு. உழவு, நடவு, உரம், மருந்து, களை என்று நீங்கள் போட்ட செலவை எழுதி இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளைந்திருக்க வேண்டிய நெல்லுக்கு யாரும் விலை தருவதில்லை. விதியிலேயே இதற்குப் பெயர் இடுபொருள் மானியம். அடுத்த பட்டத்துக்கு விதை, உரம் வாங்கக் கைகொடுக்கும் பணம் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

மாநில அரசு தன் கையிலிருந்து கூட்டித் தருவதும் உண்டு. 2021 ஜனவரி மழைக்கு, அன்றைக்கு விதிப்படி 13,500 ஆக இருந்ததை 20,000 ஆக்கி, 2 ஹெக்டேர் வரம்பையும் எடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் நெல்லுக்கு 20,000. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது விதியில் உள்ள 17,000. எனவே போன தடவை வாங்கியவர் சொல்லும் தொகையை வைத்து இந்தத் தடவைக்குக் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு மழைக்கும் தனி அறிவிப்பு, தனி அரசாணை.

அறிவிப்பில் பலர் கவனிக்காமல் விடுவது பயிரின் பருவத்தை. 2021 நவம்பரில் அறுவடைக்கு நின்ற கார், குறுவை, சொர்ணவாரி நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் பணமாக அறிவித்தார்கள். அப்போதுதான் நட்டிருந்த சம்பாவுக்குப் பணம் இல்லை. மறுநடவுக்காக ஹெக்டேருக்கு 6,038 ரூபாய் மதிப்பில் விதை, உரம், நுண்ணூட்டம் என்று இடுபொருளாகத் தந்தார்கள். ஒரே மழை, பக்கத்துப் பக்கத்து வயல், ஆனால் ஒருவருக்குப் பணம், மற்றவருக்கு யூரியா. டீக்கடையில் சண்டை வந்தது. வராமல் இருக்குமா?

மழைக்கு முன்: அடங்கல்

பட்டா, நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல், அந்த நிலத்தில் இன்றைக்கு என்ன நிற்கிறது என்று சொல்லும். நிவாரணம் நிற்கிற பயிருக்குத்தான். அடங்கலில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேராகத் தரிசு என்று இருந்தால், கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்தினாலும் வேலைக்கு ஆகாது.

அடங்கல் என்பது கிராமக் கணக்கு எண் 2. வி.ஏ.ஓ., அதாவது கிராம நிர்வாக அலுவலர், எழுதுவது. பசலி ஆண்டு வாரியாக இருக்கும். ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிற கணக்கு அது. ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் அந்த ஜூலையில் பிறக்கும் பசலி கிடைக்கும். 2025 ஜூலையில் பிறந்தது 1435. போன பசலி அடங்கலைக் கையில் வைத்துக்கொண்டு பத்திரமாக இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். இப்போது செல்போன் செயலியோடு வயலில் நின்று படமெடுத்துப் பயிர் பதியும் முறையும் வந்துவிட்டது. அதிலும் தப்பு நடக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் கரும்பு உங்கள் எண்ணில் ஏறியிருக்கலாம்.

நட்டு முடித்த கையோடு, ஐப்பசிக்குள் வி.ஏ.ஓ.வைப் பாருங்கள். அவருக்கு இரண்டு மூன்று கிராமம் கூடுதல் பொறுப்பாக இருக்கும், எந்த நாள் எந்த ஊரில் இருப்பார் என்பது தலையாரிக்குத்தான், அதாவது கிராம உதவியாளருக்குத்தான், தெரியும். தலையாரியின் செல் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இதை மறக்காதீர்கள்.

அடங்கல் நகலில் நான்கு விஷயம் பாருங்கள். சர்வே எண்ணும் உட்பிரிவும் சரியா, பயிர் பெயர் சரியா, பரப்பு முழுவதும் ஏறியிருக்கிறதா, சாகுபடி செய்பவர் பெயர் யாருடையது. ஒன்பது மாவில் ஆறு மாதான் ஏறியிருந்தால் நிவாரணமும் ஆறு மாவுக்குத்தான்.

பட்டா யார் பேரில் இருக்கிறது?

ஊருக்குத் திரும்பி வந்தவர்களில் பாதிப் பேருக்குப் பட்டா அப்பா பேரிலோ தாத்தா பேரிலோதான் இருக்கும். இறந்தவர் பேருக்குப் பணம் வராது. தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்று வாங்கி, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு விண்ணப்பம் உண்டு, இ-சேவை மையத்திலேயே போடலாம். நில அளவை செய்து உட்பிரிவு பிரிக்க வேண்டியிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். சித்திரை, வைகாசியில் வயல் சும்மா கிடக்கும்போது தொடங்குங்கள்.

கூட்டுப் பட்டா இன்னொரு தலைவலி. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே பட்டா, ஆனால் வயல் பாகம் பிரித்து முப்பது வருஷம். ஒரு வருஷம் கணக்கெடுப்பின்போது நான் ஊரில் இல்லை. பட்டாவில் முதல் பெயர் பெரியப்பாவுடையது என்பதால் மொத்தப் பரப்பும் அவர் பேரில் எழுதப்பட்டது. பணமும் அவர் கணக்கில் விழுந்தது. பெரியப்பா நல்லவர், கேட்டதும் கொடுத்துவிட்டார். ஆனால் கேட்பதற்குள் எனக்கு மூன்று வாரம் ஆனது. எல்லார் பெரியப்பாவும் அப்படியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. தனிப் பட்டா வாங்கும்வரை, ஒவ்வொரு பாகத்துக்கும் சாகுபடி செய்வது யார் என்பதையாவது அடங்கலில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

குத்தகைக்காரர்கள் கவனிக்க

டெல்டாவில் உழுகிறவர்களில் நிறையப் பேர் குத்தகைக்காரர்கள். கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையில் இருக்கும் மிராசுதார் வீட்டு நிலம். கோயில் நிலமென்றால் குத்தகை ரசீதாவது இருக்கும். தனியார் நிலத்தில் பெரும்பாலும் வாய்வார்த்தைதான்.

நிவாரணம் சாகுபடி செய்தவருக்குத்தான் போக வேண்டும். ஆனால் பட்டியல் எழுதும்போது கையில் இருப்பது பட்டாதாரர் பெயர். குத்தகைக்காரர் வாயைத் திறக்காவிட்டால் பணம் நில உரிமையாளர் கணக்குக்குப் போய்விடும். செலவு செய்தவருக்கு ஒரு பைசா வராது.

1969-ல் வந்த குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி உங்கள் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்ய வழி இருக்கிறது. பதிந்துவிட்டால் நிலமே போய்விடும் என்று உரிமையாளர்கள் பயப்படுகிறார்கள். பேச்சை எடுத்தாலே அடுத்த வருஷம் நிலம் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். இதுதான் நிஜ நிலைமை என்பதால், சட்டப்படி மோதுங்கள் என்று நான் எளிதாகச் சொல்லப்போவதில்லை. நடக்கக்கூடியது இரண்டு. ஒன்று, இந்தப் பசலிக்கு இந்த நிலத்தில் பயிர் வைத்திருப்பது இன்னார் என்று உரிமையாளரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி வி.ஏ.ஓ.விடம் கொடுத்து, சாகுபடிச் சான்று உங்கள் பேரில் பெறுவது. இரண்டு, அதற்கும் மசியாதவரிடம், நாற்று விடுவதற்கு முன்பே, நிவாரணம் வந்தால் யாருக்கு என்று நாலு பேர் முன்னிலையில் பேசி முடித்துவிடுவது. பயிர் மூழ்கிய பிறகு பேசினால் அது பஞ்சாயத்தாகத்தான் முடியும்.

வங்கிக் கணக்கு

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். பணம் திரும்பிப் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆதாரிலும் பட்டாவிலும் பாஸ்புக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். நம் இனிஷியல் படுத்தும் பாடு தனி. ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக. அதோடு, 2019-லும் 2020-லும் பல வங்கிகள் இணைந்தன. பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது, சிண்டிகேட் கனராவோடு சேர்ந்தது. ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின. பழைய பாஸ்புக் நகலைக் கொடுத்தால் பணம் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷம் எடுக்காமல் போடாமல் கிடக்கும் கணக்கு முடங்கிவிடும், நூறு ரூபாயாவது போட்டு உயிர்ப்பித்து வையுங்கள். உங்கள் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதையும் வங்கியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும்.

2025 முதல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் தருகிறார்கள். அதற்கும் பதிந்து வையுங்கள்.

பயிர்க் காப்பீடு வேறு

நிவாரணத்தையும் இன்சூரன்ஸையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நிவாரணத்துக்கு நீங்கள் முன்கூட்டிப் பணம் எதுவும் கட்டுவதில்லை. காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். ஒன்று வருவாய்த்துறை வழியாக வருவது, மற்றது காப்பீட்டு நிறுவனம் தருவது. இரண்டிலும் பெயர் இருக்கட்டும்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. விவசாயி கட்டுவது காரீஃப் பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம், தோட்டக்கலை, பணப்பயிருக்கு 5 சதவீதம். நம் சம்பா ராபிக் கணக்கில் வருகிறது. ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 36,000 என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 540 ரூபாய். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில வருஷம் நீட்டித்தார்கள், ஆனால் நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருந்தால் சர்வர் படுத்துக்கொள்ளும்.

கட்டும் இடம் சொசைட்டி, வங்கி, பொதுச் சேவை மையம். அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா (நிலத்தின் உரிமையாளர், பரப்பு விவரம் உள்ள நகல்), ஆதார், பாஸ்புக் போதும். முன்பு பயிர்க்கடன் வாங்கினால் பிரீமியம் தானாகப் பிடித்துவிடுவார்கள். 2020 காரீஃப் முதல் அது விருப்பம்தான். எனவே, கடன் வாங்கியிருக்கிறேனே, பிடித்திருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். ரசீதைக் கையில் வாங்கி, வருவாய்க் கிராமத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பதிபவர் பட்டியலில் அடுத்த ஊரைத் தொட்டிருந்தால், உங்கள் பயிர் அழிந்தும் அடுத்த ஊரின் விளைச்சலை வைத்துத்தான் உங்களுக்குக் கணக்கு.

அது ஏன் என்றால், இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்துத் தருவது இல்லை. கிராமத்தில் சில வயல்களைக் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, நிறுத்துப் பார்ப்பார்கள். இதற்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை என்று பெயர். அந்தக் கிராமத்துக்கு நிர்ணயித்த உத்தரவாத மகசூலைவிட எத்தனை சதவீதம் குறைகிறதோ அத்தனை சதவீதம் எல்லாருக்கும். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ, பரிசோதனையில் வந்தது 1,500 கிலோ என்றால் கால்வாசி குறைவு. 36,000-ல் கால்வாசி 9,000. உங்கள் வயலில் ஒரு மணி நெல் இல்லாவிட்டாலும் அதே 9,000-தான். நன்றாக விளைந்த பக்கத்து வயலுக்கும் அதே 9,000. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். பரிசோதனை நடக்கும் நாளில் ஊர்க்காரர்கள் நாலு பேர் போய் நில்லுங்கள். எடை போடும்போது கூட இருப்பது உங்கள் உரிமை.

72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அது ஆலங்கட்டி, நிலச்சரிவு மாதிரி தனி வயலுக்கு வரும் பாதிப்புக்கும், அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் நனைந்தால் வரும் இழப்புக்கும். நெல் வயல் தண்ணீரில் மூழ்குவதை 2018-ல் இந்தத் தனி வயல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூழ்குவதே வேலையாக இருக்கும் டெல்டாவுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 2026 காரீஃப் முதல் மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. தெரிவிக்க வேண்டிய எண் 14447. சந்தேகம் இருந்தாலும் கூப்பிட்டுச் சொல்லிப் பதிவு எண்ணை எழுதி வையுங்கள், நஷ்டமில்லை.

மழை விட்டதும்

முதல் வேலை வடிகாலை வெட்டுவது. இரண்டாவது வேலை படம் எடுப்பது.

தண்ணீர் நிற்கும்போது ஒரு முறை, வடிந்த பிறகு ஒரு முறை எடுங்கள். தேதியும் இடமும் படத்திலேயே விழும் கேமரா செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வெறும் தண்ணீரை எடுத்தால் அது எந்த ஊர் ஏரியோ என்று தோன்றும். சர்வே கல், மோட்டார் கொட்டகை, மின்கம்ப எண், வாய்க்கால் மதகு என்று இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஏதாவது ஒன்று படத்தில் வரட்டும், நீங்களும் நில்லுங்கள்.

அப்புறம் ஒரு மனு. அப்ளிகேஷன் இல்லை என்று சொன்னேனே, மனு எதற்கு? கணக்கெடுப்பில் உங்கள் வயல் விட்டுப்போனால், நான் அன்றைக்கே சொன்னேன் என்று காட்ட ஒரு தாள் வேண்டும். இவ்வளவு எழுதினால் போதும்:

"ஐயா, ........ வட்டம், ........ கிராமம், சர்வே எண் ........-ல் 1 ஏக்கர் 66 சென்ட் நிலத்தில் சம்பா நெல் சாகுபடி செய்துள்ளேன். ........ தேதி பெய்த மழையில் பயிர் முழுவதும் சாய்ந்து நீரில் மூழ்கி, கதிர்கள் முளைத்துவிட்டன. நேரில் பார்வையிட்டுப் பயிர் சேதக் கணக்கெடுப்பில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம்."

வி.ஏ.ஓ.வுக்கு ஒன்று, அக்ரி ஆபீஸில் உதவி வேளாண்மை அலுவலருக்கு ஒன்று. காய்கறி, வாழை, தென்னை என்றால் தோட்டக்கலைத்துறைக்கு. நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

கணக்கெடுக்க வரும் நாள்

வருவாய்த்துறையும் வேளாண்துறையும் சேர்ந்து வரவேண்டும். தண்ணீர் வடிந்த பிறகுதான் வருவார்கள். அங்கேதான் சிக்கல். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது, இளம் சம்பா நாள்கணக்கில் முழுகிக் கிடந்தது. வடிந்ததும் மேலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும், உள்ளே வேர் அழுகியிருக்கும். வரப்பில் நின்று பார்த்துவிட்டு "தேறிடும்" என்று சொல்லிப் போய்விடுவார்கள். இறங்குங்கள். நாலு இடத்தில் பிடுங்கி, கறுத்துப்போன வேரைக் கையில் கொடுங்கள். பூக்கும் சமயத்தில் மழை அடித்திருந்தால் கதிரை உருவிப் பதரைக் காட்டுங்கள். சாய்ந்த பயிரென்றால் அடியில் புரட்டி முளைத்த மணியைக் காட்டுங்கள். 33 சதவீதம் என்பது எந்த மெஷினும் அளந்து சொல்வது இல்லை, கண்பார்வைக் கணக்கு. அந்தக் கண்ணுக்கு நீங்கள்தான் காட்ட வேண்டும்.

தப்பாமல் வரும் ஒரு கேள்வி: அதிகாரி வரும்வரை அறுக்காமல் வைத்திருப்பதா? வைத்திருந்தால் இருக்கிற நெல்லும் முளைக்கும். அறுத்துவிட்டால் காட்ட எதுவுமில்லை. நான் செய்வது இது. படம் எடுத்து, மனு கொடுத்து, தலையாரிக்கும் போனில் சொல்லிவிட்டு, ஒரு மூலையில் கொஞ்சம் விட்டுவிட்டு மற்றதை அறுத்துவிடுவேன். ஈர வயலில் டயர் வைத்த அறுவடை மெஷின் இறங்காது, பெல்ட் வண்டிதான், அதன் மணி வாடகையும் கூடுதல். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதம் என்பார்கள். மழைக்காலங்களில் அதைத் தளர்த்தி அறிவிப்பு வருவதுண்டு, 2023-ல் அப்படி வந்தது. போவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதிகாரி எழுதியதும் உங்கள் சர்வே எண்ணுக்கு நேராக என்ன பரப்பு போட்டிருக்கிறார் என்று அப்போதே எட்டிப் பாருங்கள். தப்பாகப் பேசினால் காரியம் கெடும். "சார், ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. ஏக்கருக்கு இவ்வளவு என்று இடையில் யாராவது வசூல் பண்ணினால் அது அவர் பாக்கெட்டுக்கு.

நெல் அல்லாதவை

மாடு இறந்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரும் வி.ஏ.ஓ.வும் பார்க்க வேண்டும். காதில் தோடு இருந்தால் அந்த எண் தெரியப் படம் எடுங்கள். 2022 விதிப்படி பசு, எருமைக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100.

தென்னைக்கு மரத்தை எண்ணித் தந்ததும் உண்டு. 2018-ல் கஜா புயலில் மரத்துக்கு 600, விழுந்ததை வெட்டி அகற்ற 500, ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. எண்ணி முடிக்கும்வரை மரத்தை மில்லுக்கு அனுப்பாதீர்கள். ஆறு உடைத்து வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் மேவியிருந்தால் அதை அகற்ற, அதே 2022 விதிப்படி, ஹெக்டேருக்கு 18,000 ரூபாய், சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். ஐந்து ஏக்கருக்குள் இருந்தால் நீங்கள் அந்தக் கணக்கில் வருவீர்கள். அதற்குத் தாசில்தார் தரும் சான்றை முன்பே வாங்கி வையுங்கள்.

பட்டியலில் பெயர் இல்லை, அல்லது பணம் வரவில்லை

அறிவிப்பு வந்த மறுவாரமே பணம் வராது. மாதங்கள் ஆகும். அதற்குள் பட்டியல் தாலுக்காவை விட்டு மேலே போகும் முன் உங்கள் பெயரைப் பார்த்துவிடுவது நல்லது. மேலே போன பிறகு ஒரு பெயரைச் சேர்ப்பது, புறப்பட்ட ரயிலை நிறுத்துவது மாதிரி.

விட்டுப்போயிருந்தால், பழைய மனு நகலோடு தாசில்தாரைப் பாருங்கள். அங்கே அசையாவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கிறது. அதைவிட மாதம் ஒரு முறை நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டம் மேல். எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் கேட்கும் கேள்வி எல்லார் காதிலும் விழும். தனியாகப் போகாதீர்கள், விட்டுப்போன பத்துப் பேர் ஒன்றாகப் போங்கள். முதல்வரின் உதவி மையம் 1100-ல் சொன்னால் மனு எண் தருவார்கள். எதற்கும் பதில் வராவிட்டால், உங்கள் கிராமத்தின் பயிர் சேதப் பட்டியல் நகலைக் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, தாலுக்கா அலுவலகத் தகவல் அலுவலருக்கு ஒரு தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பட்டியல் கைக்கு வந்ததும், பயிரே வைக்காத சில பெயர்களும் கண்ணில் படலாம். அது வேறு கதை.

பட்டியலில் பெயர் இருந்தும் பணம் வராவிட்டால், தாலுக்கா அலுவலகத்தில் எந்தக் கணக்குக்கு எந்தத் தேதியில் அனுப்பினார்கள், திரும்பி வந்ததா என்று கேளுங்கள். குறுஞ்செய்தி வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், வங்கியில் பழைய எண் இருந்தால் செய்தி எங்கேயோ போகும்.

நம் தம்பிக்கு அப்படித்தான் ஆனது. ஒன்பது மாவும் சரியாக ஏறியிருந்தது, இருபத்து நாலாயிரம் ரூபாய்க்கு மேல் வரவேண்டும். ஊரில் எல்லாருக்கும் விழுந்தது, அவருக்கு மட்டும் இல்லை. சொசைட்டி, வங்கி, தாலுக்கா என்று ஒரு மாதம் அலைந்தார். கடைசியில் பார்த்தால் பணம் எல்லாருக்கும் வந்த அன்றைக்கே வந்திருக்கிறது, திருப்பூரில் பனியன் கம்பெனிக்காரர்கள் திறந்துகொடுத்த சம்பளக் கணக்குக்கு. கடைசியாக ஆதாரை இணைத்தது அங்கேதான். அந்த ஏ.டி.எம். கார்டை எந்தப் பெட்டியில் போட்டோம் என்று வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.